களவா: பாக் விரிகுடாவின் பார் மீன்

களவா என்பது எபினெஃபெலிடே குடும்பத்தைச் சேர்ந்த, கடலடிப் பாறைகளையும் பவளத்திட்டுகளையும் அண்டி வாழும் பெரிய கொன்றுண்ணி மீன்களுக்குத் தமிழகக் கடற்கரையில் வழங்கும் பெயர். கடலடியில் பாறையோ பவளமோ மேடிட்டிருக்கும் இடத்தை மீனவர் பார் என்பதால், அங்கு கிடைக்கும் இம்மீனைப் பார் மீன்களுள் ஒன்றாக எண்ணுவர். புதுக்கோட்டை மாவட்டத்தின் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்களை ஒட்டிய பாக் விரிகுடாவோ ஆழம் குறைந்தது, சேறும் மணலும் படிந்தது. இவ்விரிகுடாவின் பவளத்திட்டு தெற்கே மண்டபம், இராமேசுவரம் பகுதியின் வடகரையை ஒட்டியே அமைந்துள்ளது. ஆயினும் சில களவா இனங்களின் இளமைக்காலம் இத்தகைய சேற்றுக்கரைகளிலேயே கழிவதால், பாருக்குரிய இம்மீனின் வாழ்க்கையைப் பார் குறைந்த இக்கடலை விட்டுவிட்டு முழுமையாக விளக்க இயலாது.

இந்தியக் கடல்களில் காணப்படும் பல இனங்களுள் இங்கு கருதத்தக்கவை மூன்று. வெளிறிய உடலில் செம்மஞ்சள் புள்ளிகள் நிறைந்த எபினெஃபெலஸ் கோயோய்டெஸ் 120 செ.மீ. வரை வளரும், கங்கை மீன்களைப் பற்றிய 1822ஆம் ஆண்டு நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் இதனை விவரித்தார். கரும்புள்ளிகளோடு வெண்திட்டுகளும் கொண்ட எபினெஃபெலஸ் மலபாரிக்கஸ் இரண்டு மீட்டரைத் தாண்டக்கூடியது. இதனை முதலில் விவரித்த நூல், பெர்லின் மருத்துவர் பிளாக் இறந்தபின் ஷ்னைடரால் 1801இல் வெளியிடப்பட்டது. பிளாக்குக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன் மாதிரிகளை அனுப்பிவந்தவர் அங்கிருந்த மறைப்பணியாளர் கிறிஸ்டோஃப் சாமுவேல் யோன் என்பதும், கத்தாளை மீன்களின் ஒரு பேரினம் அவர் பெயராலேயே ஜோனியஸ் என வழங்குவதும் இங்கு நினைக்கத்தக்கவை. மூன்றாவதான பெருங்களவா, எபினெஃபெலஸ் லான்சியோலேட்டஸ், 2.7 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் எட்டக்கூடியது.

களவா இரையைத் துரத்திக் களைப்பதில்லை. பாறை இடுக்கில் அசையாது நின்று, நண்டோ இறாலோ கணவாயோ சிறுமீனோ எட்டும் தொலைவுக்கு வந்ததும் வாயைத் திறக்கிறது. அந்த நொடியில் தாடை முன்னோக்கி நீள, வாயறையும் செவுள் மூடிகளும் விரிந்து உள்ளே அழுத்தம் திடீரெனக் குறைய, பாய்ந்து வரும் நீரோடு இரையும் உள்ளிழுக்கப்படுகிறது. உட்புறப் பற்கள் பின்னோக்கி மடியக்கூடியவை ஆதலால் இரை உள்ளே செல்ல வழிவிட்டு, வெளியேற விடாமல் தடுக்கின்றன. மென்று தின்னாமல் முழுதாக விழுங்குவதே இம்மீனின் வழக்கம்.

தனித்து வேட்டையாடும் இக்குடும்பத்தின் நடத்தையில் வியக்கத்தக்க விலக்கொன்று செங்கடலில் கண்டறியப்பட்டது. அங்குள்ள ஒரு பவளக் களவா, இரை பொந்துக்குள் நுழைந்துவிட்டால், பாம்பு போன்ற உடல்கொண்ட அஞ்சாலை மீனிடம் சென்று அதன் முன்னே தலையை விரைவாக அசைத்து அழைப்பதையும், இரண்டும் சேர்ந்து வேட்டைக்குச் செல்வதையும் 2006இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இரை மறைந்த இடத்துக்கு நேர்மேலே களவா தலைகீழாக நின்று அவ்விடத்தைச் சுட்டிக்காட்டும் என்பது 2013இல் வெளியான ஆய்வின் முடிவு. குறிப்பால் பொருளைச் சுட்டும் திறன் பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்குமே உரியது என்ற எண்ணத்தை ஒரு மீன் அசைத்துவிட்டது எனலாம்.

களவாவின் இனப்பெருக்கத்தில் முதன்மையானது பால்மாற்றம். கோயோய்டெஸ் மீன் பெண்ணாகவே முதிர்ச்சியடைந்து, பல ஆண்டுகள் முட்டையிட்டபின், ஏறத்தாழ 55 முதல் 75 செ.மீ. நீளத்தில் ஆணாக மாறுகிறது. எனவே ஒரு கூட்டத்தின் பெரிய மீன்களே பெரும்பாலும் ஆண்கள். பெரியவற்றை மட்டும் தேடிப் பிடித்தால் முட்டைகளைக் கருவுறச் செய்யும் மீன்களே முதலில் அற்றுப்போகும், சிறியவற்றைப் பிடித்தாலோ ஆணாக மாறும் வயதை எவையும் எட்டா. மீன் எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதைச் செவிக்கல் காட்டும்: தலையைப் பிளந்தால் மூளையின் இருபுறமும் கிடைக்கும் இச்சுண்ணாம்புக் கற்களுள் பெரியதொன்றை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற கோடுகள் தெரியும். இருபது ஆண்டைக் கடந்த கோயோய்டெஸ் மீன்கள் இவ்வாறு அறியப்பட்டுள்ளன.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முட்டைகள் நீரில் மிதந்து ஏறத்தாழ ஒரு நாளில் பொரிகின்றன. வெளிவரும் இளவுயிரிகளின் முதுகிலும் வயிற்றுத் துடுப்புகளிலும் உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் முட்கள் வளர்ந்து, சில வாரங்களில் சுருங்கிவிடும். அதன்பின் குஞ்சுகள் கரையை நாடி, மீனவர் தாழை என்னும் கடற்புல் படுகைகளிலும், மீமிசல் அருகே முத்துக்குடாவில் உள்ளதைப் போன்ற அலையாத்திக் காடுகளிலும், உவர்நீர்க் கழிமுகங்களிலும் தங்கி வளர்ந்து, பெரிதானபின் ஆழமான பார்களுக்குப் பெயர்கின்றன. இழுவை மடிகள் தாழைப் படுகையை வேரோடு பெயர்க்கும்போது அழிவது புல் மட்டுமன்று, தொலைவிலுள்ள பாருக்குச் செல்லவேண்டிய அடுத்த தலைமுறையும்தான்.

களவாவைத் தூண்டிலாலும் வலையாலும் பிடிப்பதோடு, மன்னார் வளைகுடாப் பகுதியில் கூடு எனப்படும் பொறிகளாலும் பிடிக்கின்றனர். முள் குறைந்த வெண்சதை கொண்டதால் உள்ளூரில் விரும்பப்படும் இது, ஹாங்காங் போன்ற இடங்களில் உணவகத் தொட்டிகளில் உயிருடன் விற்கப்படுகிறது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விசாகப்பட்டின மையம் கோயோய்டெஸ் இனத்தை அடைப்பில் முட்டையிடச் செய்து குஞ்சு உற்பத்தியும் செய்துள்ளது. பெருங்களவா 2001இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டி 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேய்வதற்காகக் காக்கப்படும் அந்தத் தாழைப் படுகைகளே களவாக் குஞ்சுகள் ஒளிந்து வளரும் இடமும் ஆகும்.