டெல்கோவும் ஈயமும்: ஒரு பத்மினி போட்ட சத்தம்

எம்.புதுப்பட்டிக்கு ஒரு பழைய பிரீமியர் பத்மினியை ஓட்டிட்டு வந்து வீட்டு முன்னால நிறுத்தினேன். (பாதி தூரம் லாரி மேலதான். அதை விடுங்க.) 1980களோட வண்டி, 1089 சிசி, ஸ்டியரிங் பக்கத்துலயே கியர். சும்மா நிக்கும்போது சாதுவா இருக்கும். நாலு பேரை ஏத்திக்கிட்டு ஒரு மேடு ஏறினா, டப்பாக்குள்ள கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கின மாதிரி கடகடன்னு சத்தம்.

மெக்கானிக் அண்ணாச்சி ரெண்டே நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டார். "ஈயம் கலந்த பெட்ரோல் போச்சுல்ல தம்பி, இப்ப வர்ற பெட்ரோல் இதுக்குத் தாங்காது. இன்ஜினைப் பிரிச்சிருவோம்." பிரிக்கிற செலவு, வண்டி வாங்கின காசை விட ஜாஸ்தி. மனசு கேக்கலை. அந்த ஈயக் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

நாக்கிங்னா என்னன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டாம். புஸ்வாணம் எரியறதும் அணுகுண்டு வெடிக்கிறதும் ஒண்ணா? சிலிண்டருக்குள்ள பிளக் பத்தவச்ச நெருப்பு ஒரு ஓரத்துல இருந்து அடுத்த ஓரத்துக்குப் பரவிப் போகணும். அது போய்ச் சேர்றதுக்குள்ள, அழுத்தத்துலயும் சூட்டுலயும் கடைசி மூலையில இருக்கிற பெட்ரோல் தானாவே மொத்தமா வெடிச்சா, அதுதான் அந்தச் சத்தம். விட்டுவச்சா பிஸ்டனே ஓட்டையாகும்.

இதுக்கு முதல்ல பழி விழுந்தது யார் மேலன்னு நினைக்கிறீங்க? அமெரிக்காவுல டெல்கோ கம்பெனி நடத்தின சார்லஸ் கெட்டரிங் மேல. அவரோட பேட்டரி இக்னிஷன் 1912 காடிலாக் கார்ல வந்தது. கார் கடகடன்னதும், எல்லாம் இந்த இக்னிஷனாலதான்னு பேச்சு கிளம்பிருச்சு. அந்தப் பழியைத் துடைக்கத்தான் 1916ல தாமஸ் மிட்க்லேங்கிற இளைஞரை இந்த ஆராய்ச்சியில இறக்கினார். அயோடினைக்கூட கலந்து பார்த்தாங்க. கடைசியா 1921 டிசம்பர்ல டெட்ராஎத்தில் ஈயம். துளியூண்டு கலந்தா போதும், சத்தம் காலி.

ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும்னு அவங்களுக்கு அப்பவே தெரியும். ஆனா ஈயம் மலிவு, காப்புரிமை காசும் கையில. பேர்ல ஈயமே வராம "எத்தில்"னு வச்சு வித்தாங்க. 1924 அக்டோபர்ல நியூஜெர்சி ஆலையில 5 தொழிலாளிங்க புத்தி பேதலிச்சு செத்துப் போனாங்க. அதே மாசம் மிட்க்லே பத்திரிகைக்காரங்க முன்னாடி அந்தத் திரவத்துல கையைக் கழுவி, மோந்தும் காட்டினார். அதுக்கு முந்தின வருஷம்தான் அவரே ஈய விஷத்துக்கு ஓய்வெடுத்துட்டு வந்திருந்தார்! மருந்தோட புழங்குற ஊர்ல பிறந்தவனுக்கு, அந்த 5 பேர் கதையைச் சும்மா வாசிச்சுட்டுப் போக முடியலை.

இந்தியா முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரி 1ல. உலகத்துல கடைசியா விட்டது அல்ஜீரியா, 2021ல. நம்ம பட்டாசுலயும் ஈயம் கூடாதுன்னு 2017ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு.

சரி, வண்டிக்கு வருவோம். அண்ணாச்சி சொன்னதுல ஒரு ஓட்டை இருக்கு. அந்தக் காலத்துல நம்ம ஊர்ல ஓடின சாதாரண பெட்ரோல், ஈயம் கலந்தும் 87 ஆக்டேனோ அதுக்கும் கீழயோதான். பிறகு வந்த ஈயமில்லாத பெட்ரோலே 91. அப்ப பெட்ரோல் எப்படிக் குத்தவாளியாகும்?

பிக்எண்ட் பேரிங் போயிருந்தா, நின்ன இடத்துல ரேஸ் கொடுத்தாலே அடிவயித்துல இருந்து "தொம் தொம்"னு கேக்கும், ஆயில் பிரஷரும் குறையும். இதுல ரெண்டும் இல்லை. லோடு ஏறினா சத்தம், காலை எடுத்தா நின்னுரும். அப்ப டைமிங்தான்.

நம்ம மெக்கானிக்குங்க டிஸ்ட்ரிபியூட்டரை "டெல்கோ"ன்னுதானே சொல்றாங்க? அந்த டெல்கோவைக் கழட்டினோம். உள்ள எடைக்கட்டைகளை இழுத்துப் பிடிக்கிற ரெண்டு ஸ்பிரிங்ல ஒண்ணு அத்துக் கிடக்கு. வேகம் கொஞ்சம் ஏறினதுமே கட்டை முழுசா விரிஞ்சு, பொறி நேரத்துக்கு முன்னாடியே பாய்ஞ்சிருக்கு. கெட்டரிங் மேல போட்ட பழி, எங்க வண்டி விஷயத்துல உண்மையாயிருச்சு பாருங்க!

ஸ்பிரிங் மாத்தி, பாயிண்ட் கேப் வச்சு, காதை நம்பாம டைமிங் லைட் பிடிச்சு செட் பண்ணினோம். ஹெட்டை மட்டும் கழட்டி, அப்பியிருந்த கரியையும் சுரண்டியாச்சு. அப்புறம் செங்கோட்டை தாண்டி புளியரை வளைவுல நாலு பேரோட ஏத்தினேன். சத்தமே இல்லை. அண்ணாச்சியும் பின் சீட்லதான் இருந்தார், ஒண்ணும் பேசலை.

இப்ப பங்க்ல ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நூறு வருஷம் முன்னாடி ஒதுக்கின ஆல்கஹாலேதான். நாக்கிங்குக்கு நல்லது, ஆனா பத்மினியோட பழைய ரப்பருக்கு ஆகாது. பெட்ரோல் பம்ப் டயாப்ரம் ஊறி உப்பிப் போய் நிக்குது. ஞாயித்துக்கிழமை அதைப் பிரிக்கணும்.