கல்லூரி மாணவர்களின் மன அழுத்தம்: அறிதலும் கையாளுதலும்

மன அழுத்தம் என்பது நோயின் பெயர் அன்று. தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது தம்மால் இயலக்கூடியதைவிட மிகுதி என்று ஒருவர் உணரும்போது, உடலும் மனமும் காட்டும் எதிர்வினையே அது. தேர்வுக்கு முந்தைய நாள் ஏற்படும் சிறு பதற்றம் கவனத்தைக் கூர்மையாக்கும். அதற்குச் சிகிச்சை தேவையில்லை. வாரக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் உணவையும் படிப்பையும் கெடுக்கும் அழுத்தத்தைப் பற்றியே இப்பக்கம் விளக்குகிறது.

திருவள்ளூர் மாவட்ட மாணவர்களுக்கு இச்சுமை பாடநூலிலிருந்து மட்டும் வருவதில்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பகுதியினர் வடக்குப் புறநகர் இரயிலிலும், திருவள்ளூர், திருத்தணி பகுதியினர் அரக்கோணம் தடத்திலும் சென்னைக்குச் சென்று திரும்புகின்றனர். சிப்காட் தொழிற்பேட்டையில் பெற்றோர் ஷிப்ட் முறையில் பணிபுரியும் வீடுகளில், தந்தை உறங்கும் நேரமும் பிள்ளை படிக்கும் நேரமும் ஒரே அறையில் மோதுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவருக்கு ஐயம் கேட்க வீட்டில் ஆள் இல்லை; எதிர்பார்ப்பு மட்டும் முழுமையாக இருக்கிறது. இவற்றால் ஏற்படும் தளர்ச்சியை அம்மாணவரின் பலவீனமாகக் கருதுதல் தவறு.

உடல் காட்டும் அறிகுறிகள்

பெரும்பாலானோர் ‘மனம் சரியில்லை’ என்று கூறிக்கொண்டு மருத்துவரிடம் வருவதில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல், கழுத்து இறுக்கம், அடிக்கடி மலம் கழிக்கும் உணர்வு ஆகியவற்றுடனேயே வருகின்றனர். காலை இரயிலைப் பிடிக்க உணவைத் தவிர்ப்பவர் ‘கேஸ் டிரபிள்’ என்று எண்ணி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே மாதங்களைக் கடத்துவதும் உண்டு. மறுபுறம், இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மன அழுத்தத்தைப் போன்றே சோர்வையும் கவனக்குறைவையும் உண்டாக்கும். ஆகவே, நீடித்த சோர்வு உள்ளவர்கள், குறிப்பாக மாணவியர், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பேச்சு வழக்கில் ‘டென்ஷன்’, ‘டிப்ரெஷன்’ இரண்டும் ஒரே பொருளில் பயன்படுத்தப்படுகின்றன. மருத்துவத்தில் அவை வேறு. தேர்வு முடிந்ததும், கட்டணம் செலுத்தியதும் தணிவது மன அழுத்தம். காரணம் நீங்கிய பின்னும், அல்லது காரணமே தெரியாமலும், நாளின் பெரும்பகுதியில் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதனை மன உறுதியால் மட்டும் கடந்துவிட முடியும் என்று காத்திருக்க வேண்டாம்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு

இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வகுப்புக்குச் செல்பவர்களுக்கு எந்த ஆலோசனையையும்விட உறக்கமே முதல் மருந்து. 18 முதல் 25 வயது வரை உள்ளோருக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் தேவை. பகல் உறக்கம் இயல்பாகவே குறுகியதும் ஆழமற்றதுமாகும். வெளிச்சம், ஓசை, கைப்பேசி அழைப்பு ஆகியவை அதனை மேலும் குறைக்கின்றன. சன்னலைத் தடித்த துணியால் மறைத்து, அழைப்பொலியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் படுக்கச் செல்லுங்கள். தேநீர், காபியில் உள்ள கஃபீனில் பாதியளவு 5 அல்லது 6 மணி நேரத்திற்குப் பின்னரும் உடலில் எஞ்சியிருக்கும். எனவே ஷிப்டின் பிற்பாதியில் அருந்தும் தேநீரே காலை உறக்கத்தைக் கெடுக்கிறது.

உறக்கமின்றி இரு சக்கர வாகனத்தில் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் செல்வது, மது அருந்தி ஓட்டுவதற்கு ஒப்பான ஆபத்து உடையது. இரயிலில் செல்வதே பாதுகாப்பானது. கும்மிடிப்பூண்டியிலேயே ஏறுவோருக்கு இருக்கை கிடைப்பதால், ஒரு மணி நேரத்திற்கும் மேலான அப்பயணத்தில் சற்றுக் கண்ணயரவும் இயலும். தேர்வு அட்டவணை வெளியானவுடன் அதன் நகலை மேற்பார்வையாளரிடம் கொடுத்து, அந்நாட்களுக்குப் பகல் ஷிப்ட் கேளுங்கள். கடைசி நேரத்தில் விடுப்புக் கேட்பதைவிட இது எளிதில் ஏற்கப்படும்.

தேர்வும் அரியரும்

விடிய விடியப் படித்தல் பயன் குறைந்த முறை. கற்றதை மூளை நிலைப்படுத்துவது உறக்கத்தில்தான். அரை மணி நேரம் படித்த பின் புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதைத் தாளில் எழுதிப் பாருங்கள். மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட இதுவே நினைவில் நிற்கும். அரியர்கள் சேர்ந்துவிட்டால் அனைத்தையும் ஒரே பருவத்தில் எழுதி முடிக்க முனையாமல், துறைத் தலைவரிடம் கலந்து வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

திடீரெனப் படபடப்பு மிகும்போது மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட நீண்ட நேரம் வெளிவிடுங்கள். நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்ற அளவில் சில நிமிடங்கள் தொடர்ந்தால் இதயத் துடிப்பு தணியும். மது, புகையிலை, மருத்துவர் எழுதித் தராத உறக்க மாத்திரைகள் ஆகியவை தரும் தணிவு சில மணி நேரமே. பின்னர் பதற்றம் முன்பைவிட மிகுதியாகத் திரும்பும்.

பணச் சுமையும் அழுத்தத்தின் வேர்களுள் ஒன்று. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேர்ந்தோருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்கீழ் மாதம் ரூ.1,000 வழங்கப்படுகிறது, கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம். கைப்பேசிக் கடன் செயலிகளின் மிரட்டலுக்கு உள்ளானால் 1930 என்ற எண்ணில் புகார் அளியுங்கள். பகடிவதைக்கான உதவி எண் 1800-180-5522.

பெற்றோரும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

‘உனக்கு என்ன குறை வைத்தோம்?’ என்ற கேள்வி பேச்சை அங்கேயே முடித்துவிடும். ‘சில நாட்களாக நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னவென்று சொல்’ என்று கண்டதைக் கூறி, இடைமறிக்காமல் கேளுங்கள். உறவினர் பிள்ளையுடன் ஒப்பிடுவதைத் தவிருங்கள்.

வாழ்வதில் பொருளில்லை என்று பேசுதல், விருப்பமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், திடீரென விடைபெறுவது போல் செய்தி அனுப்புதல் ஆகியவற்றை ஒருபோதும் விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். தற்கொலை எண்ணம் உள்ளதா என்று நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் உருவாவதில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். அவரைத் தனியே விடாமல், பூச்சிக்கொல்லி, மாத்திரைகள் போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்றி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம்.

மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் தர 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். இளவயதினரில் சிலருக்குத் தொடக்க வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடக்கூடும். அவ்வாறாயின் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். தாமாக மருந்தை நிறுத்துதல் கூடாது.

உதவி பெற

டெலி-மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் இச்சேவை செயல்படுகிறது. 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். நேரில் காண, மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தையோ அணுகலாம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் பணித்துள்ளது. உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று அலுவலகத்தில் கேட்டறியுங்கள். சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 23இன்படி உங்களுக்கு உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் 108ஐ அழையுங்கள்.