காரமும் பாகும்

ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் தோன்றிய நாவல் 1887-ல் வந்தது. லண்டனில் ஒரு காலி வீடு, அதற்குள் ஒரு பிணம். தரையில் சிந்திக்கிடந்த சாம்பலைப் பார்த்துவிட்டு, கொலைகாரன் புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். கறுப்பாக, செதில் செதிலாக உதிரும் சாம்பல் அந்தச் சுருட்டுக்குத்தான் உண்டு என்பது அவர் கட்சி.

தமிழ் வாசகர்கள் பலரும் இந்த இடத்தில் 'நம்ம ஊரு' என்று சந்தோஷப்பட்டுவிட்டுக் கடந்துபோவார்கள். எனக்கு வேறொரு கேள்வி நின்றுவிட்டது. சாம்பல் ஏன் கறுப்பு? நல்ல சுருட்டின் சாம்பல் வெளுப்பாகவும், உதிராமல் கொஞ்ச நேரம் நிற்பதாகவும் இருக்க வேண்டும் என்றுதான் ஹவானாவிலிருந்து உறையூர் வரைக்கும் சுருட்டு தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் ஹோம்ஸ் நம் சுருட்டைப் புகழவில்லை. ஒரு குறையை வைத்து அடையாளம் கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் குறையைப் பின்தொடர்ந்து போனால் மண்ணும் தண்ணீரும் வருகின்றன. அதற்குப் பிறகு கருப்பட்டி வருகிறது. கடைசியில் அமெரிக்காவின் போர்பன் விஸ்கி வருகிறது.

சுருட்டு போன வழி

ஆங்கிலத்தில் 'ஷெரூட்' என்ற சொல்லுக்குத் தகப்பன் நம்முடைய 'சுருட்டு'. 1886-ல் வெளியான ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதியே இதைச் சொல்கிறது. 'ட்ரிச்சீஸ்' என்ற செல்லப்பெயருக்கும் அதில் இடம் உண்டு. நீளமாக, கரடுமுரடாகச் சுற்றி, வாய் வைக்கும் பக்கம் ஒரு வைக்கோல் தண்டைச் செருகி விற்றிருக்கிறார்கள்.

சுருட்டு திருச்சியில் சுற்றப்பட்டாலும் பெயர்பெற்ற இலை திண்டுக்கல்லில் விளைந்தது. பிரிட்டிஷ் காலக் குறிப்புகளில் ஊசிக்கப்பல், வாரக்கப்பல் என்ற இரண்டு ரகங்கள் உயர்வாகப் பேசப்படுகின்றன. மெட்ராஸின் ஸ்பென்ஸர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. 1948-ல் சுருட்டுப் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலிருக்கும் வேடசந்தூரில் தொடங்கப்பட்டது. சுதந்திரம் வந்த மறு வருஷமே இதற்கு ஒரு நிலையம் என்றால் அந்த இலைக்கு இருந்த மதிப்பை யோசித்துக்கொள்ளலாம்.

இனி சாம்பல். புகையிலை கொழுந்துவிட்டு எரிய வேண்டிய பொருள் அல்ல. கனன்றுகொண்டே இருக்க வேண்டும். இலையில் பொட்டாசியம் கூடினால் சீராகக் கனலும். குளோரைடு கூடினால் அணைந்து அணைந்து போகும். குளோரைடு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உவர்க்கிணற்றுத் தண்ணீரிலிருந்து. தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளில் மற்ற பயிர்கள் முகம் சுளிக்கும் அந்தத் தண்ணீரைப் புகையிலை ஏற்றுக்கொள்ளும். மெல்லும் புகையிலைக்கு அது சிறப்பும்கூட. பாடம் செய்த இலையின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் வியாபாரி விலையைக் கூட்டிக் கேட்பான். அதே இலையைச் சுருட்டிக் கொளுத்தினால் முழுசாக எரியாது. எரியாமல் மிஞ்சும் கரிதான் சாம்பலைக் கறுப்பாக்குகிறது. ஹோம்ஸ் லண்டனில் பார்த்த கறுப்புக்குப் பின்னால் இப்படி ஏதோ ஒரு கிணறு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆக, ஒரே இலைக்கு இரண்டு தீர்ப்புகள். வாயில் போட்டால் முதல் தரம், நெருப்பில் வைத்தால் இரண்டாம் தரம். 'நல்ல புகையிலை' என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாருக்கு, எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் தரம் சொல்ல முடியும்.

பாகு

புகையிலை இந்தியாவுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்த செடி. சில தலைமுறைகளுக்குள் அதற்கு ஒரு தமிழ்ப் புராணமே உண்டாகிவிட்டது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துப் 'புகையிலை விடு தூது' எழுதினார். உ.வே.சா. அதைப் பதிப்பித்திருக்கிறார். மூன்று தேவர்களுக்கும் ஆளுக்கோர் இலை கிடைக்கிறது. சிவனின் வில்வத்தைக் கங்கை கொண்டுபோகிறது, திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோகிறது, பிரமனின் இலை மட்டும் போகவில்லை. 'போகையிலை'தான் புகையிலையாயிற்று என்று புலவர் முடிச்சுப் போடுகிறார். சொல்லாராய்ச்சியாக இதற்கு மதிப்பில்லை. ஆனால் வந்தேறிச் செடியை வில்வத்துக்கும் துளசிக்கும் பக்கத்தில் உட்காரவைத்த துணிச்சலை ரசிக்காமல் இருக்க முடியாது. பாடியவர் பெயரில் சீனியும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. அது தற்செயல்தான். இருந்தாலும் புகையிலையின் சரித்திரத்தில் பாதி சர்க்கரையின் சரித்திரம்.

அறுத்த இலை வெறுமனே காய்ந்தால் போதாது. வாட்டி, அம்பாரம் போட்டு, புழுங்கவிட்டு, பிரித்து, மறுபடி அடுக்கிப் பாடம் செய்ய வேண்டும். இதற்கு நடுவில்தான் கருப்பட்டித் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் வருகிறது. பனை நிறைந்த ஊரில் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. அது இலைக்குப் பதம் தரும், நிறம் தரும், நாக்கில் முதலில் படும் கசப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்கும்.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் இந்த வேலைக்கு ஒரு தனிப் பெயர் உண்டு: கோடா. புகையிலைக்கு வாசமும் குணமும் ஏற்றப் போடும் காய்ச்சிய நீர் அது. இலங்கையில் கசிப்புக் காய்ச்சுகிறவர்கள் ஊறப்போடும் ஊறலுக்கும் கோடா என்றுதான் பெயர். சாராயத்தின் ஊறலும் புகையிலையின் ஊறலும் ஒரே சொல்லில் குடியிருப்பதைப் பார்த்தபோது கென்டக்கி எனக்கு அத்தனை தூரமாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 1864-ல் ஒஹையோ மாநிலத்தின் பிரவுன் கவுண்டியில், ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் கென்டக்கியிலிருந்து வாங்கிய விதையில், வெளிறிய நாற்றுகள் முளைத்தன. நோய் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அதுதான் வெள்ளை பர்லி. அந்த இலையில் இயற்கையான சர்க்கரை அநேகமாகக் கிடையாது. பஞ்சு மாதிரி எதைக் கொடுத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும் இலை கையில் கிடைத்ததும் வெல்லப்பாகு, அதிமதுரம், கோகோ, ரம், விஸ்கி என்று ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார்கள்.

பர்லி விளைந்த கென்டக்கிதான் போர்பனுக்கும் ஊர். போர்பனுக்குச் சட்டமே இருக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். கருகிய ஓக்கிலிருந்துதான் வெனிலா வாசமும் காய்ச்சிய சர்க்கரையின் வாசமும் வருகின்றன. ஒருமுறை போர்பன் ஊறிய பீப்பாயில் மறுபடி போர்பனை ஊற்ற முடியாது என்பதால் காலிப் பீப்பாய்கள் உலகம் சுற்றுகின்றன. பெரும்பகுதி ஸ்காட்லாந்துக்குப் போகிறது. லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் 'பெரீக்' என்ற புகையிலையை விஸ்கிப் பீப்பாய்களில் திணித்து, திருகாணி போட்டு அழுத்தி, ஒரு வருஷம் வரைக்கும் புளிக்கவிடுகிறார்கள். திண்டுக்கல்லில் இலைக்குப் பக்கத்தில் பனை நின்றது, கென்டக்கியில் பீப்பாய் நின்றது. பக்கத்தில் இருப்பதை எடுத்து இலையில் ஊற்றுவது மனித சுபாவம்.

திண்ணனூர் நாட்டில் ஒரு தீர்ப்பு

கொல்லிமலையில் ஊர்களைத் தொகுத்து நாடு என்பார்கள். திண்ணனூர் நாடு அதில் ஒன்று. என்னோடு பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பனுக்கு அதுதான் சொந்த நாடு. ஆன்சைட் போய்த் திரும்பியபோது சுருட்டுப் பிடிக்கும் தன் அப்பாவுக்காக ஒரு டின் புகையிலையும், மக்காச்சோளக் கட்டையில் குடைந்த சுங்கானும் வாங்கி வந்திருந்தான். டின்னின் மேல் போர்பன் வாசனை ஊட்டியது என்று போட்டிருந்தது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவு ஏறி அவன் வீட்டுக்குப் போயிருந்தேன்.

பெரியவர் டின்னைத் திறந்ததும் மூக்கில் வைக்கவில்லை. முதலில் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே தம்பி. இன்னும் காயல."

"அப்படித்தான் விப்பாங்களாம் ஐயா."

அவர் சொன்னது சரி. வாசனை ஊட்டிய சுங்கான் புகையிலை காய்ந்துபோகாமல் இருக்க புரொப்பலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பது தொழில் வழக்கம். அடுத்ததாக ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கசக்குவதற்கு முன்னாலும் பின்னாலும் முகர்ந்தார். முன்னால் வெனிலாவும் பாகும். பின்னால் அநேகமாக ஒன்றுமில்லை.

"இது இலையோட வாசம் இல்ல. மேல பூசுனது. நம்ம எலன்னா கசக்கக் கசக்கத்தான் வாசம் ஏறும்."

புகையிலைத் தொழிலில் இதற்கு இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். இலையை ஊறவைத்து உள்ளே ஏற்றுவது 'கேஸிங்'. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் தெளிப்பது 'டாப் டிரெஸ்ஸிங்'. கைவிரல் சூட்டில் கிளம்பிப் போவது இரண்டாவது. பெரியவர் அந்த வித்தியாசத்தை ஒரே கசக்கலில் பிரித்துவிட்டார்.

பிறகு பற்றவைத்தார். அறை முழுக்க நல்ல வாசம். உள்ளேயிருந்து நண்பனின் அம்மா, "பாயசமா வைக்கறீங்க?" என்று கேட்டார். ஆனால் புகைத்தவர் முகத்தில் பாயசம் இல்லை. இரண்டு முறை அணைந்தது, மூன்றாம் முறை பற்றவைத்தார். பாதியில் சுங்கானின் அடியில் தண்ணீர் கொதிப்பது மாதிரி சத்தம் வந்தது. ஈரமான புகையிலையை வேகமாக இழுத்தால் நீராவி நாக்கைச் சுடும். அவர் நாக்கை வெளியே நீட்டி ஊதிக்கொண்டார். கடைசியில் சாம்பலைத் தட்டி, அடியில் எரியாமல் ஒட்டியிருந்த கறுப்பு ஈரத்தைக் குச்சியால் கிளறிக் காட்டினார்.

"பக்கத்துல இருக்கறவனுக்கு நல்லா இருக்கு. குடிக்கறவனுக்கு ஒண்ணுமில்ல. காரமே இல்லியே, எப்பப் போதும்னு எப்படித் தெரியும்?"

என் தொழிலில் மென்பொருளைச் சோதிக்க வரிசையாகக் கேள்விகள் எழுதிவைப்போம். விரல், மூக்கு, நெருப்பு, நாக்கு, சாம்பல் என்று அவர் போன வரிசையில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் என்னைப் படிக்கவைத்தது.

எப்போது போதும்?

சுருட்டு, பர்லி போன்ற காற்றிலும் வெயிலிலும் காய்ந்த இலைகளின் புகை காரத்தன்மை கொண்டது. அந்தப் புகையில் நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். உள்ளே இழுக்க வேண்டியதில்லை. இழுத்தால் தொண்டை கிழியும், இருமல் வரும். சர்க்கரை நிறைந்த இலையின் புகையோ அமிலத்தன்மை கொண்டது, மெதுவானது. வாயில் அதிகம் ஏறாது. நுரையீரல் வரைக்கும் இழுத்தால்தான் நிக்கோட்டின் கிடைக்கும், இழுக்கவும் சுலபம்.

1913-ல் ஆர்.ஜே. ரெய்னால்ட்ஸ் கம்பெனி கேமல் சிகரெட்டைக் கொண்டுவந்தது. வர்ஜீனியா இலையும் துருக்கி இலையும் கலந்து, அதோடு இனிப்பு ஏற்றிய பர்லி. 'அமெரிக்கக் கலவை' என்று உலகம் முழுக்கப் பரவிய பாணி அதுதான். வாயோடு நின்றிருந்த புகையை நெஞ்சுக்குள் இறக்கியதில் இயந்திரத்துக்கும் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. பாகுக்கும் பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நுரையீரல் புற்றுநோய்க் கதையில் சர்க்கரை ஒரு சத்தமில்லாத பாத்திரம்.

அமெரிக்கா 2009-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, மென்தால் தவிர மற்ற வாசனைகள் ஊட்டிய சிகரெட்டைத் தடை செய்தது. இனிப்பு வாசனைதான் சின்னப் பிள்ளைகளை உள்ளே அழைக்கிறது என்பது காரணம். சுங்கான் புகையிலைக்கு அந்தத் தடை இல்லை. கிழவர்கள் பிடிப்பது என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் போர்பன் வாசனை டின்கள் இன்னும் கடைக்கு வருகின்றன.

இதை வைத்து, காரமான நாட்டு இலை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கம் பெண்கள் சுட்டா என்னும் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. அவர்களுக்கு வரும் மேலண்ணப் புற்றுநோய் மருத்துவ நூல்களில் பதிவான விஷயம். உப்புப் பூத்த முதல்தர இலையை மென்றவர்களின் கன்னமும் ஈறும் என்ன ஆயின என்று நம் குடும்பங்களிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கருப்பட்டித் தண்ணீர் தெளித்தவர்களும் கசப்பை மறைக்கத்தான் தெளித்தார்கள். அந்த விஷயத்தில் திண்டுக்கல்லும் கென்டக்கியும் சொந்தக்காரர்கள்.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் குறித்துவைக்க வேண்டும். பழைய பாகு இலையோடு பேரம் பேசியது. கசப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்தது, காரத்தை விட்டுவைத்தது. அந்தக் காரம்தான் ஒரு சுருட்டோடு ஆளை நிறுத்தியது. பாதி சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொள்ளும் கிழவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிக்கனம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை, அவர்களுக்குப் போதும் என்று தெரிந்துவிட்டது. புதிய பாகு இலையையே காணாமல் ஆக்குகிறது. வாசம் பக்கத்திலிருப்பவனுக்கு, கணக்கு கம்பெனிக்கு, மிச்சம் உள்ளது நெஞ்சுக்கு.

உறையூரில் சுருட்டுச் சுற்றும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்தத் தொழில் ஒடுங்குவதில் உடம்புக்கு நல்லதுதான் நடக்கிறது, எனக்கு அதில் வருத்தமில்லை. விரலும் மூக்கும் நாக்கும் சேர்ந்து ஓர் இலையை விசாரிக்கும் அறிவும் அதோடு சேர்ந்து போகிறது. புகையிலையே இல்லாத உலகத்திலும் அந்த அறிவுக்கு வேலை இருக்கும். கடையில் பளபளப்பான பாக்கெட்டில் வாங்கும் தேனையும், நெய்யையும், மிளகையும் ஒருமுறை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்க்கலாம். வாசம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று.