லாகன் நிலையத்துக் கதியால்

கனடாவின் ரொக்கி மலைத்தொடரில் லேக் லூயிஸ் என்றொரு ரயில் நிலையம் உண்டு. 1883இல் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தவர்கள் அந்த இடத்தை ஹோல்ட் சிட்டி என்றார்கள். பிறகு அது லாகன் ஆயிற்று. அதற்கும் பிறகுதான் லேக் லூயிஸ். லாகன் என்ற பெயர் இருந்த நாளில், 1904இல், அங்கிருந்து ஒரு குட்டை மரம் ஊரை விட்டுப் புறப்பட்டது. அதன் துண்டுகளை மணலில் குத்திக் குத்தியே நான் பத்தொன்பது தை மாதங்களைக் கழித்தேன்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு மொத்த விற்பனை நாற்றுப்பண்ணையில் எனக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் தோட்டம் செய்த குடும்பம். மண் வேலை தெரியும் என்று சொல்லித்தான் அந்த வேலையைக் கேட்டேன். கடைகளில் குட்டை அல்பேர்ட்டா ஸ்புரூஸ் என்று எழுதி விற்கும் மரத்தைப் பண்ணையில் கோனிக்கா என்போம். கூம்பு வடிவானது என்று பொருள். ஊசியிலைகள் ஒரு சென்ரிமீற்றர் அளவில் மெல்லியவை, நெருக்கமானவை. கத்தரிக்கோலே படாமல், யாரோ சீராக வெட்டிவிட்டதுபோல அது தானாகக் கூம்பாக நிற்கும். கோடை, பனி எதுவானாலும் பச்சை மாறாது.

அதன் தாய்மரம் வெள்ளை ஸ்புரூஸ். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அலாஸ்கா வரை வடக்குக் காடுகளை நிறைத்து நிற்பது. 30 மீற்றருக்கும் மேலே போகும். அந்தக் காடுகளின் ஆதிக்குடிகள் அதன் நீண்ட வேர்களை உரித்து, ஊறவைத்து, பேர்ச் மரப்பட்டைத் தோணிகளைத் தைத்தார்கள்; பிசினைக் காய்ச்சிப் பொருத்துகளை அடைத்தார்கள். இலையைக் கசக்கினால் மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு வாடை வரும். அதனால் பூனை ஸ்புரூஸ் என்றும் அதற்கொரு பெயர் உண்டு. தோணி தைக்க வேர் கொடுத்த அந்தக் காட்டு மரத்தின் பிள்ளைதான் இன்று வீட்டு வாசலில் சாடிக்குள் நிற்கிறது.

1904இல் லாகனில் இறங்கி அந்தக் குட்டை மரத்தைக் கொண்டுபோன இருவரும் பொஸ்டன் நகரத்து ஆர்னல்ட் மரப்பூங்காவிலிருந்து வந்தவர்கள். ஒருவர் ஆல்ஃபிரட் ரேடர். ஜேர்மனியின் சாக்சனியில் 1863இல் பிறந்தவர், தோட்டக்காரரின் மகன், பல்கலைக்கழகம் போகாதவர். 1898இல் அமெரிக்கா வந்து அந்தப் பூங்காவில் கைவேலைக்குச் சேர்ந்தார். அவருடைய அறிவைக் கண்ட பூங்காத் தலைவர் சார்ள்ஸ் சார்ஜன்ட் அவரை ஆய்வு வேலைக்கு எடுத்துக்கொண்டார். பின்னாளில், 1927இல், வளர்ப்பு மரங்களையும் புதர்களையும் பற்றி அவர் எழுதிய கைநூலைத் தோட்டத்துறையில் இருப்பவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். மற்றவர் ஜோன் ஜாக், கியூபெக்கில் பிறந்தவர். அவரும் அந்தப் பூங்காவில் அடிமட்டத் தொழிலாளியாகத் தொடங்கியவர்தான். இருவரும் 1949இல் காலமானார்கள்.

களை பிடுங்கிய கைகள் இவை. எனக்கு இவர்கள்மேல் தனி மரியாதை வந்தது அதனால்தான்.

ரயிலுக்குக் காத்திருந்த வேளையில் நிலையத்தைச் சுற்றி நடந்தபோதுதான் அந்தக் குட்டைகளைக் கண்டார்கள் என்று நாற்றுத்தொழிலில் உள்ளவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். சுற்றிலும் வானத்தைப் பார்த்து நிமிரும் ஸ்புரூஸ்கள். அவற்றின் காலடியில், கைக்குள் அடங்குகிற அளவில், இறுக மூடிய மொட்டுகள்போலச் சில நாற்றுகள். பிறவியிலேயே ஏற்பட்ட ஒரு மாற்றம் அவற்றின் கணுவிடைகளைச் சுருக்கி விட்டிருந்தது. காட்டில் விட்டிருந்தால் பக்கத்து மரங்களின் நிழல் விழுந்து அவை மடிந்திருக்கும். பெட்டிகளை ஏற்றுவதும் இறக்குவதுமாக எத்தனையோ பேர் கடந்துபோன இடத்தில் இந்த இருவரும் குனிந்து பார்த்தார்கள். தோண்டி எடுத்துப் பொஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

1904இல் அல்பேர்ட்டா என்றொரு மாகாணமே கிடையாது. வடமேற்குப் பிரதேசத்தின் ஒரு மாவட்டத்துக்குத்தான் அந்தப் பெயர்; மாகாணம் ஆனது 1905 செப்ரெம்பரில். விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸ் கரோலைன் அல்பேர்ட்டா. லேக் லூயிஸ் ஏரிக்கு அவருடைய முதற்பெயர், மாகாணத்துக்குக் கடைசிப் பெயர். இளவரசி ஒருவரின் இரண்டு பெயர்களுக்கும் நடுவில் முளைத்த மரம் இது.

போய்ச் சேர்ந்த இடமும் இந்த மரத்துக்கு ஏற்ற இடம். ஆர்னல்ட் மரப்பூங்கா 1872இல் தொடங்கியது. 1882இல் பொஸ்டன் நகரம் அந்த நிலத்தை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆயிரம் வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. வருஷத்துக்கு ஒரு விரல் உயரம் வளரும் மரத்தை வைத்துப் பார்க்க அப்படி எண்ணுகிறவர்கள்தான் வேண்டும்.

கோனிக்கா காய்ப்பது மிக அரிது. காய்த்து விதை விழுந்தாலும் முளைப்பது பெரும்பாலும் காட்டு ஸ்புரூஸாகவே போகும். ஆகவே அதைப் பெருக்க வழக்கமான வழி கிளைத்துண்டு. யாழ்ப்பாணத்து வேலியில் நாங்கள் கிளுவைக்கும் பூவரசுக்கும் செய்வதுதான்: மாரி தொடங்க ஒரு கதியால் வெட்டி நட்டால், அது தாய்மரமேதான், வேறு மரம் இல்லை. இன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசற்படிகளின் இருபுறமும் நிற்கும் கோனிக்காக்கள் எல்லாம் லாகன் நாற்றின் கதியால்கள். நட்டவர் யாரானாலும் மரம் ஒன்றே.

கிளுவை சில கிழமைகளில் தளிர்க்கும். கோனிக்கா அப்படி அவசரப்படாது. தை மாதத்தில் வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, கண்ணாடி வீட்டுக்குள் இருந்து விரல் நீளத் துண்டுகளைக் கிள்ளுவோம். அடியில் பழைய கட்டையின் ஒரு சீவல் ஒட்டியிருக்க வேண்டும். கீழ் ஊசிகளை உருவி, வேர்த்தூளில் தோய்த்து, மணலும் பெர்லைட்டும் கலந்த தட்டில் குத்துவோம். அடியில் இளஞ்சூடு, மேலே குளிர், இடைவிட்டு இடைவிட்டு நீர்ப்புகை. வேர் வர மாதக்கணக்காகும். ஒல்லாந்திலிருந்து வந்த எங்கள் மேற்பார்வையாளர் ஒரு துண்டையும் இழுத்துப் பார்க்க விடமாட்டார். இழுத்தால் அறுவது கண்ணுக்குத் தெரியாத வேர் என்பார். இடுப்பளவு மரமாக அது கடைக்குப் போகும்போது வயது ஏறக்குறைய பத்து. நான் முதல் வருஷம் குத்தியவை லொறியில் ஏறியபோது என் மகள் உயர்தரப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

நகரங்களில் காணித்துண்டுகள் சிறுக்கச் சிறுக்க இந்த மரத்துக்குத் தேவை கூடியது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு முன்புறம் ஒரு பாய் விரிக்கிற அகலம். அங்கே காட்டு ஸ்புரூஸை நட்டால் இருபது வருஷத்தில் கூரையைத் தொடும். கோனிக்கா வருஷத்துக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் வளரும். ஆளுயரம் வரவே இருபது வருஷம் வேண்டும். நத்தார்க் காலத்தில் அதையே சின்னச் சாடியில் வைத்து மின்விளக்குச் சுற்றி விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் ஹீற்றர் பக்கத்தில் வைத்துக் காயவிடுகிறார்கள். குளிர்காலத் தூக்கம் இல்லாமல் இந்த மரம் வாழாது. பண்டிகை முடிந்து குப்பைக்கு வந்த சாடிகளைக் காணும்போதெல்லாம், அந்தத் தட்டில் குத்திய விரல்கள்தான் என் கண்ணுக்குத் தெரியும்.

என்னுடையதை வாசலின் கிழக்குப் பக்கம் நட்டேன். தெற்கு வெயிலும் பனிக்காற்றும் சேர்ந்து அடித்தால், உறைந்த மண்ணிலிருந்து வேர் தண்ணீர் எடுக்க முடியாமல் அந்தப் பக்கம் பழுப்பாகிவிடும். பழுத்த பழைய கிளையில் திரும்பத் தளிர் வராது. ஆகையால் கார்த்திகையில் சணல் சாக்கால் ஒரு மறைப்பு. பனி விலகியதும் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுவேன். தாளில் மிளகுத்தூள்போல விழுந்தவை ஊர்ந்தால் சிலந்திப்பேன். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினால் போதும்.

நட்டு மூன்றாம் வருஷம் அம்மா ஊரிலிருந்து வந்தார்.

“என்ன தம்பி, உது வளருதோ, இல்லாட்டி நட்டபடியே நிக்குதோ?”

“வளருதம்மா. வருஷத்துக்கு மூண்டு விரற்கடை.”

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “பனையும் உப்பிடித்தான். முதல்ல மண்ணுக்குக் கீழ வளரும். அவசரப்படுத்தாத.”

அம்மா சொன்னது எனக்குள் நின்றுவிட்டது. பனைபோல மெதுவாக வளரும் மரம், கிளுவைபோலக் கதியாலில் பிழைக்கிறது. பனைக்குக் கதியால் கிடையாது; கிளுவைக்குப் பனையின் பொறுமை கிடையாது.

போன வைகாசியில், நட்டுப் பதினாறு வருஷம் கழித்து, என் மரத்தின் தோளிலிருந்து ஒரு கிளை நீட்டிக்கொண்டு வந்தது. ஊசிகள் நீளம், இடைவெளி அகலம், ஒரே பருவத்தில் ஒரு சாண். கசக்கி முகர்ந்தேன், அதே பூனை வாடை. காட்டு வளர்ச்சி திரும்பியிருந்தது. கோனிக்காவுக்குள் எப்போதும் அந்த முப்பது மீற்றர் மரம் தூங்கிக்கொண்டிருக்கிறது. விட்டால் சில வருஷங்களில் அந்த ஒரு கிளையே மரத்தை விழுங்கிவிடும். பொஸ்டனிலும் ஒல்லாந்திலும் ஒன்ராறியோவிலும் நூற்றிருபது வருஷமாக இப்படிக் கிளம்பிய கிளைகளை யாராவது கண்டு எடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்க்காமல் விட்ட தோட்டங்களில் இன்று கோனிக்கா இல்லை. காட்டு ஸ்புரூஸ்தான் நிற்கிறது. லாகனில் இருவர் குனிந்து பார்த்தது ஒருநாள் வேலை. அதற்குப் பிறகு குனிந்து பார்த்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவர்களால்தான் இந்த மரம் இந்த மரமாக இருக்கிறது.

கத்தியைத் தீட்டி, கிளை புறப்படும் இடத்தில் அடியோடு அறுத்தேன். தோளில் ஒரு கையளவு பள்ளம் விழுந்தது. அது மூட மூன்று நாலு வருஷமாகும். வந்த தை மாதத்தில் மறுபக்கத்திலிருந்து ஆறு துண்டு கிள்ளி, கீழறையில் மணல் தட்டில் குத்தி வைத்திருக்கிறேன். இன்னும் வேர் வந்ததா தெரியாது. இழுத்துப் பார்க்கவில்லை.