முட்டியில் அடிபட்டு வாரக்கணக்கில் வீக்கம் வடியலையா? 'எக்ஸ்ரே நார்மல்' என்றாலும் இதைக் கவனிங்க

பைக் வழுக்கி விழுந்திருப்பீர்கள், இல்லை கபடி ஆடும்போது கால் மடங்கியிருக்கும். எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு உடையல, பயப்படாதீங்க" என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் ஒரு மாதம் ஆகியும் முட்டி வீங்கியே இருக்கிறது. மாடிப்படி இறங்கினால் வலிக்கிறது, சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. எலும்பு நல்லா இருந்தும் ஏன் இப்படி?

எக்ஸ்ரே காட்டாத விஷயம்

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெளிவாகத் தெரியும். எலும்புகளை இழுத்துக் கட்டியிருக்கும் தசைநார்களும், நடுவில் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்புத் தட்டுகளும் அதில் தெரியாது. நம்ம ஊரில் இரண்டையுமே 'ஜவ்வு' என்றுதான் சொல்கிறோம். ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று டாக்டர் காலை மடக்கி, அசைத்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதுவார். அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்பதை 'முட்டி நார்மல்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீக்கம் எப்போ வந்தது?

இந்தக் கேள்விக்கான பதில் ரொம்ப முக்கியம். அடிபட்ட ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி பெருசாக வீங்கியிருந்தால், மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது முதல் சந்தேகம் 'ஏசிஎல்' என்ற தசைநார் மீதுதான். இது கிழிந்தவர்களில் பலர், விழும்போது 'டப்'புனு ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். மறுநாள்தான் மெல்ல வீங்கியது என்றால், குருத்தெலும்புத் தட்டு கிழிந்திருக்கலாம். கால் நடுவில் மாட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போவது இதன் முக்கிய அறிகுறி.

நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு வேறொன்றும் நடக்கும். அதுவரை வலி காட்டாமல் இருந்த மூட்டுத் தேய்மானம், ஒரு சின்ன அடிக்குப் பிறகு வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

தொடை இளைக்குதா?

பலரும் கவனிக்காத இடம் இது. மூட்டுக்குள் 20 முதல் 30 மில்லி நீர் சேர்ந்தாலே, தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை குறைய ஆரம்பிக்கும். தசை சோர்ந்துபோகும், நடக்கும்போது முட்டி 'டக்'குனு மடங்கும். தாங்கிப்பிடிக்கத் தசை இல்லாததால் மூட்டில் உரசல் கூடி, திரும்ப நீர் கோக்கும். வலிக்குது என்று மாதக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருந்தால் நிலைமை மோசமாகும்.

இதற்கு எளிய பயிற்சி உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். இப்படி 10 முறை. டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ வேண்டாம் என்று சொல்லாதவரை இதைத் தினமும் செய்யலாம்.

எண்ணெய் தேய்க்கலாமா?

அடிபட்ட முதல் 2, 3 நாட்களில் சூட்டு ஒத்தடம், அழுத்தித் தேய்ப்பது, உருவி விடுவது எதுவும் வேண்டாம். ரத்தக்கசிவு கூடும். ஐஸை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள். கட்டு போட்டிருந்தால் கால் விரலைப் பாருங்கள். மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும்.

"ஊசி போட்டு நீர் எடுத்தா, அப்புறம் எடுத்துக்கிட்டே இருக்கணும்" என்று ஒரு பயமும் ஊருக்குள் இருக்கு. திரும்ப நீர் கோப்பதற்குக் காரணம் ஊசி இல்லை. உள்ளே இருக்கும் பிரச்னை சரியாகவில்லை என்பதுதான். எடுத்த நீரில் ரத்தமா, சீழா என்று பார்ப்பதே நோயைக் கண்டுபிடிக்க உதவும். வலி மாத்திரையை மட்டும் நீங்களாக வாரக்கணக்கில் தொடராதீர்கள். சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ஆபத்து.

எப்போது காத்திருக்கக் கூடாது?

காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடாக இருந்தால் மூட்டுக்குள் கிருமித்தொற்று இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்த உறைவு இருக்கிறதா என்று பார்க்கணும். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, கால் மாட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை என்றாலும் தள்ளிப்போட வேண்டாம். இவை எதுவும் இல்லாமல், வீக்கம் மட்டும் 2, 3 வாரத்துக்கு மேல் அப்படியே நின்றால் எலும்பு மூட்டு டாக்டரைப் பாருங்கள். பழைய எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோங்க.