தொட்டால் திறக்கும் எழுத்து

நீல நிறம், கீழே ஒரு கோடு, அதைத் தொட்டால் வேறொரு பக்கம். இணைப்பு எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு நாம் நினைப்பதைவிட வயது அதிகம். 1980களில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் குழு உருவாக்கிய ஹைப்பர்டைஸ் மென்பொருளிலேயே, வரிக்கு நடுவே பளிச்சிடும் சொற்களைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த கட்டுரை திறக்கும். 1993இல் வந்த மொசைக் உலாவி நீலக் கோட்டை உலகெங்கும் கொண்டுபோனது. ஆனால் இவை எல்லாம் சில விஷயங்களைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டன: பார்ப்பவருக்குப் படிக்கத் தெரியும், அவர் முன் பெரிய திரை இருக்கிறது, எழுத்து ரோமன் எழுத்து.

இந்த ஏற்பாடு பெங்களூருக்கு வந்தபோது இந்த ஊகங்களில் ஒன்றுகூடச் செல்லுபடியாகவில்லை. ஊர்க்காரர்கள் இன்னும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து, 1998இல் பிறந்த ஒரு யோசனைக்கு சிம்ப்யூட்டர் என்று பெயர் வைத்தார்கள். கிராமத்தில் பலர் முறைவைத்துப் பயன்படுத்தும் கைக்கணினி அது. அவரவர் விவரம் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும். முதல் மாதிரி 2001 ஏப்ரலில் வெளியானது. திரை 320க்கு 240 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, உள்ளே லினக்ஸ்.

அதற்கென ஐஎம்எல் என்ற குறிமொழியை உருவாக்கினார்கள். படம், எழுத்து எதுவானாலும் தட்டினால் போதும், அடுத்த பக்கம் வரும். படிக்கத் தெரியாதவருக்குக் கருவியே வாசித்துக் காட்டவேண்டும் என்பதால் எழுத்தை ஒலியாக்கும் மென்பொருளும் உடன் வந்தது. இணைப்பு என்பது படித்தவருக்கு மட்டுமானதல்ல என்று தொடக்கத்திலேயே முடிவு செய்ததுதான், என் கணக்கில், இந்தக் கருவியின் மிகப்பெரிய சாதனை.

இனி, தட்டும் எழுத்தைக் கட்டும் வேலை. ‘கொடைக்கானல்’ என்ற சொல்லை இணைப்பாக்குவதாக வைத்துக்கொள்வோம். யூனிகோட் நினைவகத்தில் ‘க’ முதலில், ஒகரக் குறி பிறகு. திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்கிறது, கால் பின்னால். ‘டை’யிலும் அப்படியே: பின்னால் சேமித்த ஐகாரக் குறி முன்னால் வந்துவிடுகிறது. வரைவதற்கு இந்த இடமாற்றம் தெரிந்தால் போதும். விரல் பட்டதும் அதே பாதையில் தலைகீழாக நடக்கவேண்டும்: எந்தப் புள்ளி, எந்த வரி, எந்த எழுத்துக் கூட்டு, நினைவகத்தில் எத்தனையாவது இடம், அந்த இடத்தில் இணைப்புக் குறி உண்டா? ஒவ்வொரு குறிக்கும் சம அகலம் என்று கணக்குப் போட்ட நிரலில் கொம்பைத் தொட்டால் பக்கத்துச் சொல் திறந்துகொள்ளக்கூடும். இணைப்பு வரிக்கடைசியில் உடைந்தால் இன்னொரு சிக்கல்: திரையில் இரண்டு கட்டங்கள், உள்ளே ஒரே இணைப்பு.

இதற்கு, லினக்ஸ் செயலிகளின் திரைகளை அமைக்க உதவும் ஜிடிகே கருவித்தொகுப்பு கண்ட தீர்வு எளிமையானது. இணைப்பைத் திரையின் இடத்தோடு கட்டாமல் எழுத்தோடு கட்டுவது. நிறம், கோடு, முகவரி எல்லாம் ஒரு குறியாக எழுத்தின் மேல் ஒட்டியிருக்கும். வரி மடிந்தாலும் எழுத்துரு பெரிதானாலும் கூடவே நகரும். இந்திய எழுத்துகளின் வடிவக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பாங்கோ நூலகம் ஜிடிகே 2.0உடன் 2002 மார்ச்சில்தான் 1.0 ஆனது. சிம்ப்யூட்டரின் முதல் மாதிரி அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முந்தியது. சாதாரண லேபிளிலேயே ஒரு குறிச்சொல் போட்டு இணைப்பு வைக்கும் வசதிக்கு ஜிடிகே 2.18 வரும்வரை, அதாவது 2009 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

அதற்குள் பெங்களூரின் கதை முடிந்துவிட்டது. 2004 ஏப்ரலில் பாரத் எலக்ட்ரானிக்ஸும் பிக்கோபேட்டா நிறுவனமும் அமிடா சிம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அசைவை உணரும் கருவி உள்ளேயே இருந்தது. கையை அசைத்துப் பக்கம் புரட்டலாம். தொடக்க விலை பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கர்நாடக அரசு நிலப்பதிவு வேலையில் கொஞ்சம் பயன்படுத்தியது. 50,000 விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 2005 வரை ஏறத்தாழ 4,000தான் போயின. எளியவருக்கான கருவி எளியவர் வாங்கும் விலையில் இல்லை, அதே நேரத்தில் கைப்பேசி மலிந்துகொண்டிருந்தது. தோற்றது விலை, தட்டினால் திறந்து, படித்தும் காட்டும் பக்கம் என்ற யோசனையில் பழுதில்லை.

தமிழில் செயலி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க ஆங்கிலச் சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ‘கொ’வில் தொடங்கும் சொல் ஒன்றை வைத்து, அதன் கொம்பின் இடது ஓரத்தைத் தட்டிப் பாருங்கள்.