தள்ளாத வயதும் ஓர் ஊசிமருந்தும்

முதுமையை நாம் 'தள்ளாத வயது' என்கிறோம். ஒரு மருந்தின் குற்றத்தை அச்சொல் எவ்வளவு எளிதாக மறைத்துவிடும் என்பதை ஸ்ட்ரெப்டோமைசினின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1943இல் அமெரிக்காவில், வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தது அது. காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாடிக். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று (ஷாட்ஸின் கதை தனிக் கட்டுரைக்குரியது). அதே ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழொன்றில், இம்மருந்தால் உடற்சமநிலையை இழந்த மருத்துவர் ஒருவர், முதலெழுத்துகளை மட்டும் பெயராக இட்டுத் தம் அனுபவத்தை எழுதினார். படுத்தபடி வாசித்தால் தம் நாடித்துடிப்பிலேயே எழுத்துகள் துள்ளின. கட்டிலின் இரு கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கிக்கொண்டுதான் வாசிக்க முடிந்ததாம். வாசிப்பவர் எவரும் இதை எளிதில் மறக்க இயலாது.

உட்செவியில் சமநிலை காக்கும் நுண்மயிர் உயிரணுக்களை இம்மருந்து அழிக்கிறது. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. பகலில் கண் துணைசெய்யும். இருட்டில் கால் தடுமாறும். சிறுநீரகம் தளர்ந்த முதியோர் உடலில் மருந்து தேங்குவதால் அவர்களுக்கே கேடு மிகுதி. ஆனால் 1948இல் வெளியான புகழ்பெற்ற பிரித்தானியச் சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள் 15 முதல் 30 வயதினர். அந்த இளையோருக்கே தலைசுற்றல் கண்டது. முதியவரோ கணக்கிலேயே இல்லை.

இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கினார். செவி நரம்பைத் தாக்கும் இம்மருந்து உலகெங்கும் பரவியதும் அக்காலத்தில்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் ஈரத்தரையில் நிற்பவர்களுக்குச் சமநிலை என்பது பிழைப்பு. 1997இல் தொடங்கிய திருத்திய தேசியக் காசநோய்த் திட்டத்தில், நோய் மீண்டும் கண்டவர்களுக்கு இரண்டு மாதத்தில் 24 ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள். அளவு முக்கால் கிராம். 50 வயதைத் தாண்டியவருக்கு அரை கிராம். முதுமைக்குரிய ஆபத்தை விதி அறிந்திருந்தது என்பதற்கு அந்தக் கால் கிராமே சாட்சி. வீட்டாருக்கு அதை யார் விளக்கினார்கள்? தாத்தா சுவரைப் பிடித்து நடந்தால் 'வயசாயிடுச்சு' என்று அங்கேயே முடித்துவிடுவது நம் வழக்கம்.

அந்தச் சிகிச்சை முறையைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2017இல் அறிவித்தது. அதே குடும்பத்து ஜென்டாமைசின் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் தள்ளாட்டம், கடைசி ஊசி போட்டுச் சில நாட்கள் கழித்தும் தொடங்கக்கூடும்.